வாரவுகளுக்காக ஒரு வீடு

மகள் அருணாதேவி மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர் அழகுராஜா, அப்புறம் வாரவுக.

வாரவுகளை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. என்றைக்கோ ஒருநாள் எங்கள் வீட்டை விலைக்கு வாங்க வரப்போகிறவர்கள் என்பது மட்டும்தான் தெரியும். பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். வெம்பக்கோட்டை ரோட்டோரம் மனை வாங்கிக் கட்டிக் குடிவந்த அன்றைக்கே, பால் காய்ச்சிய அடுப்பு ஆறுவதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"இந்தாரு கற்பகம், இது நாம கடைசி வரைக்கும் இருக்கப்போற வீடு இல்ல. நல்ல விலை வாரப்ப குடுத்துட்டு விருதுநகர்ப் பக்கம் போயிரணும். அதுனால வாரவுகளுக்குப் பிடிக்கிற மாதிரி வச்சுக்கிடணும்."

பன்னிரண்டு வருடம் அப்படியே வைத்துக்கொண்டேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஓட்டையைப் பார்த்தால் வாரவுக விலையைக் குறைப்பார்களாம். வாசலில் முருங்கை வைக்கக் கூடாது. வாரவுகளுக்குக் கம்பளிப்பூச்சி ஆகாதாம். ஸ்விட்ச் பெட்டி மேல் கடையிலிருந்து ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஹாலை ஒட்டிக் கட்டிய வெஸ்டர்ன் பாத்ரூம். ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் அது பூட்டியே கிடந்தது. நாங்கள் எல்லாரும் கொல்லைக் கோடியில் இருந்த சின்னக் கழிப்பறைக்குப் போய் வந்தோம். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு போவேன். மாதம் ஒருதடவை அவர் மட்டும் பூட்டைத் திறந்து, தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டுவார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவருக்கு வேலையே காலண்டர் அச்சடிப்பதுதான். சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறார். அவர் கை பட்ட காலண்டர்கள் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. எங்கள் வீட்டுச் சுவரில் ஒன்றுகூடக் கிடையாது. ஜன்னல் கம்பியில் சணல் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். காற்றடித்தால் முருகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். தேதி பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்குப் போய் வெளியிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும்.

வாரவுக மேல் எனக்கு வந்த கோபம் என் சொந்த நாத்தனார் மேல்கூட வந்ததில்லை.

போன மார்கழியில் விஷயம் நிஜமாகிவிட்டது. அவருடைய பிரஸ்காரர்கள் விருதுநகரில் புதிதாக ஒரு கிளை தொடங்கப்போவதாகவும், கார்த்திகையில் வேலை ஆரம்பமாகும்போது என் வீட்டுக்காரர்தான் அங்கே ஃபோர்மேன் என்றும் முதலாளி சொல்லியனுப்பினார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே ஒரு பயமும் வந்தது. இந்த வீடு நல்ல விலைக்குப் போனால் விருதுநகரில் சொந்தமாக ஒரு வீடு. போகவில்லையென்றால் வாடகை வீடு.

வாடகை வீடு என்றால் எனக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் திருத்தங்கலில் லைன் வீட்டில் இருந்தோம். வீட்டுக்கார அம்மாள் நினைத்த நேரத்துக்குக் குழாயைப் பூட்டிவிடுவாள். தலை நிறையச் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டு, கண் எரிய, "யக்கா, ஒரே ஒரு சொம்பு" என்று அவள் வாசலில் போய் நின்றிருக்கிறேன். "பொழுதன்னைக்கும் குளிச்சா தண்ணிக்கு எங்கன போறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. இன்னொருத்தர் குழாயை நம்பி இன்னொரு தடவை வாழக் கூடாது என்று அன்றைக்கே எனக்குள் சபதம் செய்துகொண்டேன்.

பொங்கல் கழிந்ததும் வீட்டை விலைக்குத் தயார் செய்வது என்று முடிவானது. கையில் இருந்ததை வைத்து ஒரு வேலைதான் ஒழுங்காகச் செய்ய முடியும். எந்த வேலை என்பதில்தான் சண்டை.

"முன்பக்கம்தான். வாரவுக ரோட்டுல நின்னு பாக்குறது அதைத்தான்" என்றார் அவர்.

"பின்பக்கம்தான். வாங்குறவுக ரோட்டுலயா குடியிருக்கப் போறாக?" என்றேன் நான்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆவணியிலிருந்து மார்கழி வரை எனக்கும் வேலை இருக்கும். பிரஸ்ஸிலிருந்து மாதக் காலண்டர் தாள்கள் லோடாக வந்து இறங்கும். பக்கத்து வீட்டுப் பாலம்மாள் அக்காவும், எதிர்ச்சந்து இசைவாணியும், நானும் ஹாலில் உட்கார்ந்து தாள்களை வரிசைப்படி அடுக்கிக் கட்டித் திருப்பியனுப்புவோம். ஃபேன் போட முடியாது. போட்டால் ஜனவரி அடுப்படிக்கும் ஆகஸ்ட் வாசலுக்கும் பறந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் காற்றில்லாத ஹாலில் வேர்த்து வழிந்துகொண்டு, தாளில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வேலை பார்ப்போம். பின்பக்கம் மேற்கே பார்த்தது. அங்கே தடுப்பில்லாமல் கரிசல் காடு. காற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நிழல் கிடையாது. அங்கே ஒரு தாழ்வாரம் இறக்க வேண்டும் என்பது என் ஆசை.

புரோக்கர் சிவபாண்டியை நடுவில் வைத்துக் கேட்டோம். அவர் வீட்டைச் சுற்றிக்கூட வரவில்லை. "எலிவேஷன் பேசணும் மதினி. முகத்தைப் பாத்துத்தான் பொண்ணு கேப்பாக" என்றார்.

"பொண்ணு கேட்டு வந்தவுக அடுப்படி வரைக்கும் எட்டிப் பாத்துட்டுத்தான் போனாக. உங்க அண்ணனைக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர் போனஸ் முன்பக்கத்துக்கு, என் சீட்டுப்பணம் பின்பக்கத்துக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவருக்கு அதில் சம்மதமில்லை. "வாரவுக இது என்ன மாட்டுக்கொட்டாயான்னு கேப்பாக" என்று முனகினார்.

சாத்தூரில் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீசைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நாட்டு ஓடும், உளுத்துப்போகாத மரமும் அங்கே மலிவாகக் கிடைத்தன. சோலைமலைக் கொத்தனார் தென்னங்கிடுகு போட்டால் இன்னும் குளுமை என்றார். தீபாவளிக்கு ராக்கெட் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் நான் கிடுகு போடுவேனா? ஓடுதான் என்றேன். பிறகு அவர் சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் வெறும் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "என் கழுத்து வரைக்கும்" என்றேன்.

"இது என்னம்மா அளவு?"

"மடியில கெடக்குற தாளு பறக்கக் கூடாது. மூஞ்சிக்குக் காத்து வரணும். அம்புட்டுத்தான்."

சோலைமலை சிரித்துக்கொண்டே என் கழுத்துக்கு நேராகக் கரித்துண்டால் கோடு போட்டார். மூன்று பக்கமும் அந்த உயரத்துக்குச் சுவர், மேலே ஓடு, கீழே வழவழவென்று சிவப்புச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒரு குழாய், ஒரு துவைகல். வேலை முடிந்த அன்று நானும் பாலம்மாள் அக்காவும் இசைவாணியும் உள்ளே போய் உட்கார்ந்தோம். காற்று சுவருக்கு மேலே வந்து நேராக முகத்தில் பட்டது. மடியில் வைத்திருந்த தாள் அசையவில்லை. பாலம்மாள் அக்கா, "அடி கற்பகம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்த வீட்டுக்குள் என் உடம்பை அளந்து யாரோ எனக்கென்று ஒரு இடம் கட்டியது அதுதான் முதல் தடவை.

இனி முன்பக்கத்துக்கு வருகிறேன்.

கலர் விஷயத்தில் என் வீட்டுக்காரர் சாமானியப்பட்டவர் இல்லை. மிஷினில் ஓடுகிற தாளில் மஞ்சள் ஒரு துளி கூடினாலும் தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார். அந்தப் பெருமையில்தான் அவர் மோசம் போனார். பெயிண்டுக் கடைக்காரன் நீட்டிய கலர் அட்டையைத் தொடக்கூட இல்லை. பிரஸ்ஸில் தானே அடித்த ஒரு தாளிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். அது ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸின் மேல்மூடி. பிரஸ்ஸின் டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் பசும்பொன்னாட்டம் இருந்திருக்கிறது.

"இதுல இம்மி கூடக் கொறைய இருக்கக் கூடாது" என்று பெயிண்டர் விக்னேஷ்குமாரிடம் கொடுத்தார். கூடவே, ஜன்னலைச் சுற்றிச் சிவப்பு பார்டர்.

விக்னேஷ்குமார் நல்ல பையன். சொன்னதைச் சொன்னபடி அடித்துக் கொடுத்துவிட்டான். சாரம் பிரித்த அன்று மாசி மாத வெயில் நேராக அடித்தது. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். வீட்டைக் காணோம். ஐம்பது அயிட்டம் அடங்கிய கிஃப்ட் பாக்ஸ் ஒன்று ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்தில் பொன்னாக இருந்தது சுவர் அகலத்துக்கு வந்ததும் கண்ணைக் குத்தியது. நான் சிரித்த சிரிப்பில் மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். போட்டோ பார்த்த அருணாதேவி போனில், "அம்மா, இதைப் பத்த வச்சா எம்புட்டு நேரம் வெடிக்கும்?" என்று கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த துண்டுத் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "கலர் கரெக்டாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக.

பங்குனியில் சிவபாண்டி ஒரு பார்ட்டியைக் கூட்டிவந்தார். அவர்கள் காரை விட்டே இறங்கவில்லை. சித்திரையில் வந்தவர்கள் இறங்கினார்கள், சிரித்தார்கள், பாதி விலைக்குக் கேட்டார்கள். வைகாசியில் ஒருத்தர் என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே, "இதைச் சுரண்டி எடுக்கவே ஒரு வீட்டு விலை ஆகும் போலயே" என்றார். எலிவேஷன் பேசும் என்று சொன்ன சிவபாண்டி அதற்குப் பிறகு எங்கள் ரோட்டில் பைக்கை வேகமாக ஓட்டிப்போனார்.

மறுபடி பெயிண்ட் அடிக்கக் கையில் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். நான் கேலி பேசுவதை நிறுத்திக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த மனுஷன், கடைசியில் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று வேகிறார். அதில் நான் என்ன சிரிக்க? விருதுநகரில் வாடகைக்கு வீடு பார்க்கும்படி அவர் யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து மேகாற்று எடுத்தது. பின்பக்கத்தில் எனக்குச் சொல்லி மாளாத சுகம். அரிசி புடைப்பது, துணி மடிப்பது, அருணாதேவியோடு போன் பேசுவது எல்லாம் அங்கேதான். அவர் முதலில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு டீயை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தலையணையோடு வந்தார். "ஓடு எங்கனயாச்சும் ஒழுகுதான்னு பாக்க வந்தேன்" என்பார். அண்ணாந்து பார்த்தபடியே குறட்டை விடுவார்.

ஆவணியில் புது வினை தொடங்கியது. பட்டாசு வாங்க வெளியூர்க் கார்கள் வர ஆரம்பித்ததும் ஒவ்வொன்றும் எங்கள் வாசலில் நின்றது. "கம்பி மத்தாப்பு இருக்கா?" "டிஸ்கவுண்ட் எம்புட்டு?" சுவரைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டு ஒரு பலகை எழுதி மாட்டினோம்: 'இது வீடு. பட்டாசுக் கடை இல்லை.' எங்கள் ரோட்டில் பலகை இருக்கிற கட்டடம் எல்லாம் கடை. அதனால் பலகை வைத்த பிறகு இன்னும் கூடுதலாக நின்றார்கள். தமிழ் படிக்கத் தெரியாத கேரளாக்காரர்கள் பலகையைப் பார்த்துச் சந்தோஷமாக வண்டியை ஓரங்கட்டினார்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். ஆர்டர் அவசரம் என்று பாலம்மாள் அக்காவும் இசைவாணியும் பின்பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓரமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன்.

காரிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒருத்தர் இறங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார். "தெரியுதும்மா, கடை இல்ல. கடைன்னு நெனச்சுத்தான் வேகத்தைக் கொறச்சேன். பலகையைப் படிச்சதும் வீட்டுக்காரிதான் நிப்பாட்டச் சொல்லிட்டா."

பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள் காலை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்து இறங்கினார். முகம் வாடிப்போயிருந்தது. என் காதோரம் குனிந்து, "கோவிச்சுக்கிடாத தாயி. இருக்கன்குடியில சாமி கும்பிட்டுட்டு வாரோம். கடைகள்ல கேட்டா இல்லைங்கிறாக. ஒரு அவசரத்துக்கு உங்க வீட்டுல போயிக்கிடலாமா?" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "மூட்டு மடங்காது. உக்காருற மாதிரி இருந்தாத்தான்" என்றார்.

கொல்லைக் கோடியில் இருப்பதில் அந்த அம்மாள் உட்கார முடியாது. ஹாலை ஒட்டி ஒன்று பன்னிரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. திறந்துவிட்டேன். ஸ்டிக்கரை என் நகத்தாலேயே உரித்தேன். அதில் ஒரு ஆனந்தம் இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்?

தண்ணீர் இறங்கிய சத்தத்தில் என் வீட்டுக்காரர் பதறி எழுந்து ஓடிவந்தார். "யாரு அங்கன? யாருக்குத் தெறந்துவிட்ட?"

"மெதுவாப் பேசுங்க. பாவம், மூட்டுவலி அம்மா."

"வாரவுகளுக்குன்னுல்ல வச்சிருந்தேன்!" என்றார் கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"வாரவுக எப்ப வாரது, இந்த அம்மா எப்பப் போறது?"

அந்த அம்மாள் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பேர் பஞ்சம்மாள் என்றார். காரில் வந்தவர் அவர் வீட்டுக்காரர் ராக்கப்பன். வெம்பக்கோட்டைக்கு மேற்கே ஒரு கிராமம்தான் சொந்த ஊராம். பிழைப்பு முழுக்கக் கோயம்புத்தூரில். சொல்லிக்கொண்டே வந்த பஞ்சம்மாள் ஹாலில் நின்றுவிட்டார். "காத்து எங்கன இருந்து வருது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்பக்கம் நடந்தார்.

இசைவாணி எழுந்து ஒரு நாற்காலியைப் போட்டாள். பஞ்சம்மாள் உட்கார்ந்து, கால்களை நீட்டி, ஓட்டைப் பார்த்தார், கரிசல் காட்டைப் பார்த்தார், எங்கள் மடியில் அசையாமல் கிடந்த காலண்டர் தாள்களைப் பார்த்தார். "காத்து அடிக்குது, தாளு பறக்கலையே" என்றார். நான் கழுத்தளவைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஏதோ கேட்க வந்தவர், கேட்காமலே தலையைச் சாய்த்தார். அடுத்த நிமிடம் தூங்கிவிட்டார்.

முன்பின் தெரியாத வீட்டில், முன்பின் தெரியாத மூன்று பெண்கள் நடுவில் ஒரு பெண்பிள்ளை தூங்குவதை நான் பார்த்ததில்லை. எழுப்பலாமா என்று ராக்கப்பனைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"அவ இப்பிடித் தூங்கி எத்தனையோ மாசமாச்சும்மா" என்றார் தணிந்த குரலில். "வலி ஒரு பக்கம். மூணாவது மாடி ஃபிளாட்டு இன்னொரு பக்கம். எறங்கினா ஏற முடியாதுன்னு வெளியவே வர மாட்டா. சொந்த ஊருப் பக்கமே வந்துருவோம்னு போன மாசத்துல இருந்து வீடு தேடுறோம். புரோக்கருக காட்டுற வீடெல்லாம் முன்னாடி கண்ணாடியும் கல்லுமா இருக்கு. உள்ள போனா இவளுக்கு மூச்சு முட்டுது."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மனுஷன் ஆணி அடிக்காமல் வாழ்ந்தார். நிமிடம் வந்ததும் அவருக்கு வாய் கட்டிப்போய்விட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதனால் நான்தான் சொன்னேன்.

"இந்த வீடு விலைக்குத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வாரவுக வந்துவிட்டார்கள். பூட்டி வைத்த பாத்ரூமை முதன்முதலில் புழங்கியது அவர்கள்தான். அவர் ஆசைப்பட்டபடியே, புத்தம்புதிதாக. இத்தனை வருடம் நான் மனதுக்குள் திட்டித் தீர்த்த வாரவுக, வாயை லேசாகத் திறந்தபடி என் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. பஞ்சம்மாள் காலில் வெயில் விழுந்தது. எழுந்துபோய் என் சேலை ஒன்றைக் கொடியில் விரித்து மறைத்தேன். பஞ்சம்மாள் விழிக்கிறவரை நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் தாள் அடுக்கினோம்.

புரட்டாசி கழிந்து ஐப்பசியில் பேச உட்கார்ந்தோம். எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, சிவபாண்டியும் வந்து, "நான் அப்பவே சொன்னேன், வீட்டுக்கு ஒரு முகராசி உண்டுன்னு" என்று நடுவில் உட்கார்ந்துகொண்டார். பேச்சு நல்லபடியாகவே போனது. கடைசியில் ராக்கப்பன் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. இந்தக் கலரை மட்டும் மாத்தணும். அதுக்கு ஆகுற செலவைக் கழிச்சுக்கிடுவோம். கோவிச்சுக்கிடாதீக, கலரா இது?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கலரை நான் கேலி செய்த அளவுக்கு ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் வேறொருத்தர் செய்தபோது எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ!

"அண்ணே, நீங்க பாத்த வீட்டுல ஒண்ணாச்சும் உங்க வண்டியை நிப்பாட்டுச்சா? இந்தக் கலருதான் நிப்பாட்டுச்சு. இவுக அந்த பாத்ரூமைப் பூட்டிப் புதுசாவே வைக்கலைன்னா மதினி அன்னைக்கு நம்பி உள்ள போயிருக்க முடியுமா? கலரை நீங்க தாராளமா மாத்திக்கிடுங்க. ஆனா அதுக்காக ஒத்த ரூபா கொறைக்க விட மாட்டேன்."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. ராக்கப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஞ்சம்மாள் அவர் முழங்கையைத் தொட்டார். "விடுங்க. எனக்குப் பின்பக்கம் போதும். முன்பக்கத்துலயா நாம குடியிருக்கப் போறோம்?" என்றார். நான் சட்டென்று திரும்பிச் சிவபாண்டியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்ட விலை வந்தது.

அடுத்த வாரமே விருதுநகரில் வீடு பார்க்கப் போனோம். மூன்றாவதாகப் பார்த்தது பழைய வீடு. பெரிதும் இல்லை. முன்பக்கம் காரை பெயர்ந்து, பார்ப்பதற்குப் பாவமாக இருந்தது. முன்னால் குடியிருந்தவர்கள் பயப்படாமல் வாழ்ந்த மனுஷர்கள் போலிருக்கிறது. சுவரெல்லாம் ஆணி அடித்த ஓட்டை. இவர் ஒரு பார்வையில் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சுவர் பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று பின்பக்கம் போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் கொட்டியது. பிறகு வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கற்பகம், இங்கன வந்து உக்காரு. மூஞ்சிக்குக் காத்து வருதா பாரு."

"செவத்தைப் பாத்தீகளா? எம்புட்டு ஓட்டை!"

"ஓட்டை கெடக்கட்டும். இங்கன ஒரு கழுத்தளவுச் செவுரு எழுப்புனா உனக்கு நல்லாருக்கும்."

எனக்கு, என்றார். வாரவுகளுக்கு என்று சொல்லவில்லை. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். காற்று வந்தது.

கார்த்திகையில் குடிபோனோம். பால் காய்ச்சி இறக்கியதும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட்டு, அது கொட்டுவதைக் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தேன். யாரும் வந்து பூட்டவில்லை. ஹாலுக்கு வந்தபோது, அவர் புது வருடக் காலண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் ஆணியும் மறு கையில் சுத்தியலுமாகச் சுவர் முன்னால் நின்றார். இருக்கிற ஓட்டை எதுவும் பிடிக்கவில்லையாம்; வாசலிலிருந்து வந்தாலும் அடுப்படியிலிருந்து வந்தாலும் எனக்குத் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். ஆணியை வைத்தார். ஓங்கிய கை பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன யோசிக்கிறீக? வாரவுக என்ன நெனப்பாகன்னா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வாரவுகதான் வந்தாச்சே" என்றார். "நாமதான, கற்பகம்."

ஓங்கி ஒரே அடி. ஆணி இறங்கியது. கொஞ்சம் காரை பெயர்ந்து தரையில் உதிர்ந்தது. பார்க்க நன்றாயிருந்ததால், சாயந்திரம் வரை நான் அதைக் கூட்டவே இல்லை.